ஆறாம் நம்பர்க் கடை

— அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க தலைவரே. அது துணி தெக்கக் குடுக்க வர்றவங்க உக்கார்ற எடம்.

— மழ தூறுது வெள்ளையம்மா. சரி, இந்தத் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழ ஒரு ஓரமா நின்னுக்கிறேன்.

— நில்லுங்க. இந்தப் படங்கே பிரதேச சபைக்காரன் வந்து அவுக்குற வரைக்கும் தானே. புதன்கெழம புதுக் கடத்தொகுதி தெறப்பு விழா. அன்னக்கே நடபாதையில ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாதுன்னு மைக்குல சொல்லிட்டுப் போறான். அதுவரைக்கும் யாரு வேணும்னாலும் நிக்கலாம்.

— நான் இன்னும் வாயத் தொறக்கல. அதுக்குள்ள மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க.

— தொறக்க வேண்டிய எடத்துல தொறக்கல, இங்க வந்து என்னத்தத் தொறக்கப் போறீங்க? காலையிலயே கபூர் நானா சொல்லிட்டாரு. ராவுக்கு மெஷின அவரு சாமான் ரூமுல தானே போட்டு வைக்கிறேன், எடுக்கப் போனேன். “வெள்ளையம்மா, ஆறாம் நம்பர் கட போன் கார்டு விக்கிற பொடியனுக்காமே”ன்னாரு. மெஷின ஒரு கையால புடிச்சுக்கிட்டு அப்புடியே நின்னுட்டேன்.

— மாதாவே. நான் வந்து சொல்லணும்னு தான் இருந்தேன்.

— மீட்டிங் முடிஞ்சது நேத்து மத்தியானம். தோட்டத்து பஸ் இந்தப் படங்குக்கு முன்னாடி தான் நிக்குது. நீங்க தலயக் குனிஞ்சுக்கிட்டு ஏறுனத நான் பாத்தேன். பாத்துட்டு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கு, தலைவரு அசதியில போறாருன்னு நெனச்சேன் பாருங்க, என்னயச் சொல்லணும்.

— ஒம் மூஞ்சியில முழிக்க முடியல புள்ள. அதான்.

— கொஞ்சம் இருங்க, ஆளு வருது. வாங்க நோனா, வாங்க! ப்ளவுஸ் ரெடியா இருக்கு. கைய கொஞ்சம் தளத்தி விட்டிருக்கேன், போட்டுப் பாருங்க, இறுக்கிப் புடிச்சா கொண்டு வாங்க, திரும்பப் பிரிச்சுத் தர்றேன். எவ்வளவா? அனே, நோனா பாத்து எதாச்சும் குடுங்க. ஐயோ போதும் நோனா, போதும், சந்தோஷம். வழுக்கும், மெல்லப் போங்க... ம்ஹூம். நூல் காசு கூட வராது. சரி, நீங்க சொல்லுங்க.

— நீ சிரிச்சதப் பாத்தா கோவம் தணிஞ்ச மாதிரி இருக்கு.

— அது நோனாவுக்குச் சிரிச்சது. ஒங்களுக்கு இல்ல. சொல்லுங்க, மீட்டிங்ல என்ன நடந்துச்சு? கபூர் நானா வெளிய நின்னு காதால கேட்டவரு. நீங்க உள்ள இருந்தவரு. தோட்டப் பக்கத்துல இருந்து சபைக்குப் போன ஒரே மெம்பரு. போன வருஷ எலெக்சனுக்கு ஒங்களுக்காக லயம் லயமா, வீடு வீடா ஏறி எறங்குனவள்ல நானும் ஒருத்தி.

— மறக்கல புள்ள. கேளு. பெரிய மேசை. சேர்மன் மாத்தயா நடுவுல. கடத்தொகுதியில அஞ்சு கட டெண்டர்ல போயிருச்சு. மருந்துக் கட, பேக்கரி, புடவக் கட, அந்த மாதிரி. அது காசுள்ளவங்க வெவகாரம். மிச்சம் மூணையும் நடபாதையில யாவாரம் பண்றவங்களுக்குன்னு சபை ஒதுக்கி வச்சிருந்துச்சு.

— அது தெரியும். அந்த மூணுல ஒன்னு எனக்குன்னு நீங்க தான் சொன்னீங்க. நானாவா கனவு கண்டேன்?

— நான் தான் சொன்னேன். சேர்மன் மாத்தயா சொன்னாரு, யாருக்குக் குடுக்குறதுன்னு நான் ஒருத்தனா முடிவு பண்ண மாட்டேன், இது ஊரு சொத்து, ஒவ்வொருத்தரா சொல்லுங்க, யாருக்கு, என்னத்துக்குன்னு. ஒரு மெம்பரு சோமாவதி பேரச் சொன்னாரு. பன்சலைக்குக் கும்புடப் போறவங்க பஸ்ஸ விட்டு எறங்குனதும் கையில பூ வேணும், அதனால பூக்கட வேணும்னாரு. சரின்னுட்டாங்க.

— சோமாவதிக்குக் கெடச்சது நல்லது தான். அவ பூவும் என் துணியும் ஒரே மழையில நனஞ்சது தானே. அப்புறம்?

— அப்புறம் மெம்பரு ஹுஸைன் எந்திரிச்சாரு. ஹபீஸாவுக்கு வேணும்னாரு.

— வளையலும் ரிப்பனும் விக்குமே, அந்த ஹபீஸாவா?

— அதே. ஏற்கெனவே புடவக் கட இருக்கு, அதுல ரிப்பனும் விப்பான், இன்னொன்னு எதுக்குன்னு ரெண்டு மெம்பருங்க மொறச்சாங்க. ஹுஸைன் உக்காரல. பள்ளிக்கூடப் புள்ளைங்க புடவக் கடைக்குள்ள ஏறாது, ஹபீஸாகிட்ட தான் போகும், அவளுக்கு வேணும்னு நின்னுக்கிட்டே இருந்தாரு. குடுத்துட்டாங்க.

— நின்னாரு பாத்தீங்களா.

— நின்னாரு.

— மூணாவது?

— மூணாவதுக்கு சேர்மன் வேற யாரையும் கேக்கல. நேரா என்னப் பாத்தாரு. பேனாவ மூடி மேசையில வச்சாரு. “இருதயராஜ் மாத்தயா, இது தோட்டப் பக்கத்துக்குன்னு நான் மனசுல வச்ச கட. ஒங்க ஆளு யாரு?”ன்னாரு.

— அடக் கெரகமே! அப்புடியே கேட்டாரா?

— அப்புடியே.

— தட்டுல வச்சு நீட்டியிருக்காரு மனுசன்! அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— வெள்ளையம்மா...

— என் பேர இங்க சொல்லி என்ன புண்ணியம்? அங்க என்ன சொன்னீங்க?

— எந்திரிச்சு நின்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன். “மாத்தயா பாத்து யாருக்குக் குடுத்தாலும் எங்களுக்கு சந்தோஷம் தான்”னேன்.

— என்னது?

— அப்புடித் தான் சொன்னேன்.

— எங்களுக்கு சந்தோஷமா? யாருக்கு சந்தோஷம்? எனக்கு சந்தோஷம்னு நான் ஒங்ககிட்ட சொன்னேனா?

— அவரு இன்னொரு தடவயும் கேட்டாரு. குறிப்பா ஒரு ஆளு இல்லையான்னாரு. மாத்தயாவுக்குத் தெரியாததான்னேன். பேனாவத் தொறந்துட்டாரு. பக்கத்துல இருந்த மெம்பரு போன் கார்டு பொடியன் பேரச் சொன்னாரு. முடிஞ்சு போச்சு.

— என் பேரு ஒங்க வாயில வரலயா?

— நுனி நாக்குல இருந்துச்சு. மாதா சத்தியமா.

— நுனி நாக்குல இருந்தா கட கெடைக்குமா? காலரு நின்னுச்சா?

— எது?

— நேத்து நீங்க போட்டுக்கிட்டுப் போன வெள்ள சட்ட. நான் தெச்சுக் குடுத்தது. மெம்பரு சட்ட, காலரு நிமுந்து நிக்கணும்னு சொன்னீங்க. உள்ளுக்குக் கான்வஸ ரெட்ட மடிப்பா வச்சுத் தெச்சேன். அது நின்னுச்சா?

— நின்னுச்சு.

— காலரு நின்னுச்சு. சட்டைக்குள்ள இருந்த ஆளு தான் குனிஞ்சுட்டாரு.

— நல்லாக் கேளு. அதுக்குத் தான் வந்து நிக்கிறேன்.

— கேட்டு என்ன ஆகப் போகுது. ஏன் தலைவரே அப்புடிச் சொன்னீங்க? பயமா? காலம் கெட்டுக் கெடக்கு, நம்ம ஆளு வாயத் தொறந்தா மொதல்ல ஐடென்டி கார்டக் காட்டுங்கிறான். அதனாலயா?

— அதுவும் ஒரு ஓரமா இருந்திருக்கும். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நேரத்துல நான் பயப்படல புள்ள. மரியாதயா பேசுறேன்னு தான் நெனச்சேன். கேக்குறவரு பெரிய மனுசன். அவருகிட்டப் போயி எனக்கு இது வேணும், என் ஆளுக்கு அது வேணும்னு கைய நீட்டுனா என்ன நெனப்பாரு? ஆசக்காரப் பயன்னு நெனக்க மாட்டாரா?

— கேட்டதே அவரு தானே!

— இப்ப வெளங்குது. எங்கப்பா காலத்துத் தகரக் கத ஒனக்குத் தெரியும்ல?

— லயத்துல பொறந்த யாருக்குத் தெரியாது அந்தக் கத.

— பெரிய தொர, காலையில ஆளு கூடுற பெரட்டுக் களத்துக்கு வந்து நின்னு கேட்டாரு, மழக்காலம் வருது, லயத்துக்கு என்ன வேணும்னு. மேல் லயத்து ஆளு ரெண்டு தகரம் வேணும் தொரேன்னான். எங்கப்பா தலப்பாவ அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, தொர பாத்துச் செய்ங்கன்னாரு. மேல் லயத்துக்கு ரெண்டு தகரம் வந்துச்சு. எங்க லயத்துக்கு முழுக் கூரையும் வந்துச்சு. கேட்டு வாங்குனா கேட்டது தான் கெடைக்கும், கேக்காம நின்னா குடுக்குறவன் மனசு போல கெடைக்கும்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு.

— அது அந்தத் தொர. அதுக்கப்புறம் கம்பனிக்காரன் தோட்டத்த எடுத்தானே, புது மேனேஜரு வந்தாரே, அவருகிட்டயும் நீங்க அதே மாதிரி போயி நின்னீங்களே. கூர வந்துச்சா?

— வரல.

— வரல. நான் இருக்குற லயத்துக் காம்பராவுல இன்னக்கும் பால் வாளிய வச்சுத் தான் ஒழுக்குத் தண்ணி புடிக்கிறேன். ரப்பர் பால் புடிக்க வேண்டிய வாளியில வானத்துப் பால்.

— தெரியுது புள்ள. தெரிஞ்சும் அந்த நேரத்துல எங்கப்பா தான் எனக்குள்ள இருந்து எந்திரிச்சாரு. சேர்மன் மாத்தயா நல்ல மனுசன். ஆனா அவரு தொர இல்ல. நம்ம மனசத் தோண்டிப் பாக்குறதெல்லாம் அவரு வேல இல்ல. நம்ம வாயில என்ன வருதோ அத எழுதுவாரு. அம்புட்டுத் தான் அவரு.

— அழுத புள்ள தான் பால் குடிக்கும்னு தொட்டில்ல கெடக்குறதுக்கே தெரியும். நரச்ச தலைக்குத் தெரியல. சபைக்கு ஒங்கள எதுக்கு அனுப்புனோம்? கும்புடுறதுக்கா? கும்புட நாங்களே போதுமே, லயத்துல கும்புடத் தெரியாதவன் எவன் இருக்கான்?

— மெல்லப் பேசு. ஆளுங்க திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். நான் எதுக்கு இப்புடிக் கத்துறேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?

— கட போச்சுன்னு தான்.

— தெரியாது. விடியக்கருக்கல்ல பால் வெட்டுவேன். பாலச் சேத்து ஊத்திட்டு, மத்தியான பஸ்ஸப் புடிச்சு இங்க வந்து உக்காந்து தெப்பேன். மழ வந்தா ரெண்டும் இல்ல. மரத்துலயும் கத்தி வைக்க முடியாது, இங்கயும் துணி நனஞ்சிரும். எம் புருஷன் இருந்தப்பவும் இதே பொழப்பு, அவரு போனதுக்கப்புறமும் இதே பொழப்பு. நீங்க வந்து, “வெள்ளையம்மா, கட கெடச்ச மாதிரி தான், இனி நீ மொதலாளி, ரெண்டு தோணியில கால வைக்காத”ன்னீங்க.

— சொன்னேன். வெளையாட்டாச் சொன்னேன்.

— நான் வெனையா எடுத்துக்கிட்டேன். தோட்டத்து வேல வேணாம்னு செக்ரோல்ல எம் பேர வெட்டிட்டேன்.

— பேர வெட்டிட்டியா? எப்ப?

— போன வாரம்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே!

— சாவி கைக்கு வந்ததும் இனிப்பு வாங்கிக்கிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்.

— மாதாவே, மாதாவே. அப்ப காம்பரா?

— தோட்டத்துல பேரு இருந்தா தானே காம்பரா. கணக்கப்புள்ள ஐயா நேத்தே சாடமாடயா கேட்டாச்சு, எப்ப காலி பண்றேன்னு. நான் தைரியமாத் தான் இருந்தேன். கடைக்குப் பின்னால ஒரு சின்ன அற இருக்குல்ல, அதுல படுத்துக்கலாம், எம் புள்ள ஷாமிளாவும் பஸ் ஏறாம பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போயிரும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். ஷட்டர எறக்கிட்டா மெஷின் உள்ள, நாங்க உள்ள. மெஷின தெனம் தெனம் தூக்கிக்கிட்டு கபூர் நானா கடைக்கும் இங்கைக்கும் நடக்க வேண்டியதில்ல. அம்புட்டுத் தான் தலைவரே என் ஆச. மாடி வீடா கேட்டேன்?

— நான் ஐயாவுகிட்டப் பேசுறேன். திரும்பப் பேரு பதியச் சொல்றேன்.

— என்னன்னு பேசுவீங்க? ஐயா பாத்துச் செய்ங்கன்னா?

— குத்தாத புள்ள.

— ஊசி புடிச்ச கை. வேற என்ன செய்யும்?

— நேத்துல இருந்து அந்த மேசை தான் கண்ணுக்குள்ள நிக்குது. பேனாவ மூடி வச்சாரு பாரு, அது எனக்காக மூடி வச்சது. நான் யோசிச்சு ஒரு பேரச் சொல்லட்டும்னு. திரும்ப அத எடுக்குற வரைக்கும் எனக்கு நேரம் இருந்துச்சு. அந்த நேரத்துல நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

— சிரிச்சீங்களா?

— பெரியவங்க முன்னாடி சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பல்லக் காட்டிக்கிட்டு, முதுகு லேசா வளஞ்சு.

— ம்.

— மீட்டிங் முடிஞ்சு வெளிய வந்தப்ப ஹுஸைன் தோள்ல கையப் போட்டு, “ஏன் இருதயராஜ், ஒங்க பக்கத்துல கட தேவைப்படுறவங்க யாருமே இல்லையா?”ன்னு கேட்டாரு. குத்திக் காட்டக் கேக்கல. தெரியாம தான் கேட்டாரு. நான் தலயக் குனிஞ்சுக்கிட்டு வந்து பஸ் ஏறிட்டேன்.

— அழுவாதீங்க தலைவரே. பஸ் ஸ்டேண்டுல நின்னுக்கிட்டு... உக்காருங்க. அந்த ஸ்டூல்லயே உக்காருங்க.

— நீ தானே உக்காரக் கூடாதுன்ன.

— இப்ப உக்காருங்கன்னு சொல்றேன். ஒங்கள மட்டும் சொல்லி என்ன. எம்மேலயும் பெசகு இருக்கு. சபை ஆபீசு இந்த ரோட்டுக்கு அந்தாப் பக்கம் தான். இங்க இருந்து பாத்தா சேர்மன் கதவு தெரியுது. ஒரு நாள் எந்திரிச்சுப் போயி நானே கேட்டிருக்கலாம். தலைவரு இருக்காரு, அவரு பாத்துக்குவாருன்னு இருந்துட்டேன்.

— அது தான் எனக்கு இன்னும் வலிக்குது. நீ என்ன நம்புன.

— விடுங்க. ஆனா ஒன்னு. அந்த மேசையில நான் இருந்திருக்கணும். நானா இருந்தா என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா?

— என்ன சொல்லியிருப்ப?

— சிங்களத்துலயே சொல்லியிருப்பேன், அவருக்குச் சட்டுனு புரியட்டும்னு. “மாத்தயா, ஆறாம் நம்பர் கட மட்ட ஓன.” எனக்கு வேணும். அம்புட்டுத் தான். கும்புடுறதும் இல்ல, குனியுறதும் இல்ல.

— இன்னொரு தடவ சொல்லு.

— மட்ட ஓன.

— நல்லாத் தான் இருக்கு கேக்க.

— நீங்க சொல்லுங்க பாப்போம்.

— நான் எதுக்கு இப்ப?

— சொல்லுங்க தலைவரே. நேத்து சொல்லாதத இன்னக்காவது சொல்லுங்க.

— வெள்ளையம்மாவுக்கு ஓன.

— கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. சத்தமா.

— வெள்ளையம்மாவுக்கு ஓன!

— பாத்தீங்களா? வானம் இடிஞ்சு விழுந்துருச்சா? பக்கத்துல பீடி குடிக்கிறவன் கூடத் திரும்பிப் பாக்கல. இதச் சொல்ல என்ன பெரிய படிப்பு வேணும்? வாயுள்ள புள்ள பொழச்சுக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

— இனிமே எங்கயாவது கேட்டா சொல்லிருவேன் புள்ள. சத்தியமா சொல்லிருவேன். ஆனா இனி யாரு கேக்கப் போறாங்க?

— அதச் சொல்லுங்க. குடுக்குறவன் ரெண்டாந்தரம் கேக்குறதே பெருசு. மூணாந்தரமா வந்து கேக்கப் போறான்... தலைவரே.

— என்ன?

— ஒரு ஜீப்பு நிக்குது. சபை ஜீப்பு.

— ஆமா.

— படங்க அவுக்க இன்னக்கே வந்துட்டானுங்களா? புதன்கெழமன்னு தானே சொன்னானுங்க?

— இல்ல புள்ள. சேர்மன் மாத்தயா தான் எறங்குறாரு. கொட கூட இல்லாம. இங்க தான் வர்றாரு.

— ஐயையோ. எந்திரிங்க, எந்திரிங்க, ஸ்டூல விடுங்க. அந்த வெட்டுத் துணியத் தள்ளுங்க அங்கிட்டு. என் சீல வேற நூலும் தும்புமா கெடக்கு. வாங்க மாத்தயா, வாங்க, வாங்க.

— ஆ, இருதயராஜ் மாத்தயாவும் இங்க தானா? ஹரி, சரி, நல்லதாப் போச்சு. இவங்க தானே தையல் அம்மா?

— ஆமாங்க மாத்தயா. உக்காருங்க மாத்தயா. ஸ்டூலு கொஞ்சம் ஆடும், அனே, கோவிச்சுக்காதீங்க.

— வேணாம் அம்மே, உக்கார நேரமில்ல. செக்ரட்டரி ஜீப்புல இருக்காரு. ஒரு விசயம் கேட்டுட்டுப் போறேன். அந்த போன் கட பொடியன் காலையில வந்து கட வேணாம்னு சொல்லிட்டான். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு முன்னாடி அவனுக்கு நல்ல எடம் கெடச்சிருச்சாம். ஆறாம் நம்பர் கட திரும்ப சபை கைக்கு வந்துருச்சு.

— அப்புடிங்களா மாத்தயா.

— பிளாஸ்டிக் வாளி விக்கிற குணபால இருக்கான் தானே, அவனுக்கு எப்புடியோ தெரிஞ்சு ஆபீசுல வந்து உக்காந்துட்டான். எனக்கு வேணும், எனக்கு வேணும்னு ஒரே அழுக. ஆனா நான் செக்ரட்டரிகிட்ட சொன்னேன், அது தோட்டப் பக்கத்துக்குன்னு வச்ச கட, நேத்து இருதயராஜ் மாத்தயா பேர் ஒன்னும் சொல்லல, அவங்களுக்குத் தேவ இல்ல போலன்னு நெனச்சோம், நடபாதையில இருக்குற தோட்டத்து ஆளு அந்தத் தையல் அம்மா தானே, எதுக்கும் அவங்ககிட்ட நேராவே ஒரு வார்த்த கேட்டுருவோம்னு. அதுக்குத் தான் வந்தேன். ஒங்களுக்கு அந்தக் கட வேணுமா?

— மாத்தயா நனையுறீங்க. இப்புடிப் படங்குக்குள்ள வாங்க.

— பரவால்ல, பரவால்ல. வேணுமா, வேணாமா? வேணும்னு சொன்னா போதும், செக்ரட்டரி இப்பவே எழுதிருவாரு.

— அனே மாத்தயா. எங்களுக்கு என்னங்க, எங்க உக்காந்தாலும் தையல் தானே.

— புதன்கெழம இந்தப் படங்கெல்லாம் கழட்டுறோம். தெரியும் தானே? அப்புறம் எங்க உக்காருவீங்க?

— தோட்டம் இருக்குதுங்களே மாத்தயா.

— ஓ. அப்ப திரும்பத் தோட்டத்து வேலைக்கே போறீங்களா? ஹரி, ஹரி. எனக்கு அது தெரியாது. அப்ப குணபாலவுக்குக் குடுத்தா ஒங்களுக்கு மனக்கொற ஒன்னும் இல்ல?

— ஐயோ, ஒரு மனக்கொறயும் இல்லீங்க மாத்தயா.

— ஹொந்தய், நல்லது. அப்ப நான் வர்றேன். செக்ரட்டரி காத்துக்கிட்டு இருக்காரு.

— மாத்தயா! போகாதீங்க, கொஞ்சம் பொறுங்க! வெள்ளையம்மாவுக்கு ஓன. அந்தக் கட வெள்ளையம்மாவுக்கு வேணும் மாத்தயா. நேத்து நான் சொல்லாம விட்டது இந்தப் பேரத் தான். அவளுக்குத் தோட்டமும் இல்ல இப்ப, ஒன்னும் இல்ல. அவளுக்கு வேணும்!

— ஆ? இருதயராஜ் மாத்தயா இன்னக்குத் தான் சத்தமாப் பேசுறாரு! ஹரி, கேட்டது நல்லது. அப்புடியா அம்மே? அவரு சொல்றது உண்மையா? ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, எழுதிட்டுப் போறேன்.

— சும்மா இருங்க தலைவரே, மாத்தயாவுக்குத் தெரியாததா? அவரு பேசுறத மனசுல வச்சுக்காதீங்க மாத்தயா. நீங்க பாத்து யாருக்குக் குடுத்தாலும் எங்களுக்கு சந்தோஷம் தான்.